கண் கட்டிய பின் கைக்கு வழி சொல்வது எது?

கேள்வி: ரூபிக் கியூபைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு சரிசெய்துவிடுகிறார்களே, ஐம்பத்து நான்கு சதுரங்களின் நிறங்களையும் அவர்கள் மனத்தில் படம் பிடித்துக்கொள்கிறார்களா? இந்த வழக்கம் எங்கே தொடங்கியது?

பதில்: நிறங்களை எவரும் மனப்பாடம் செய்வதில்லை. எந்தத் துண்டு எந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்னும் பயண வரிசை மட்டுமே மனத்தில் ஏற்றப்படுகிறது. அந்த வரிசை பெரும்பாலும் இருபது எழுத்துகளுக்குச் சற்று முன்பின்னாக அடங்கிவிடுகிறது. இவ்வாறு அடக்க முடியும் என்று கண்டறிந்ததே இக்கலையின் பெரிய கண்டுபிடிப்பு.

புடாபெஸ்ட் நகரில் வடிவமைப்பு கற்பித்துவந்த எர்னோ ரூபிக் 1974ஆம் ஆண்டில் உருவாக்கிய இக்கனசதுரம், 1977இல் ஹங்கேரியின் கடைகளுக்கும் 1980இல் ஐடியல் டாய் நிறுவனத்தின் வழியாக உலகச் சந்தைக்கும் வந்தது. வெளியே தெரியும் இருபத்தாறு துண்டுகளில் ஆறு நடுத்துண்டுகள் இருந்த இடத்திலேயே சுழல்பவை. எந்தப் பக்கம் எந்த நிறத்துக்கு உரியது என்பதை அவையே சொல்லிவிடுகின்றன. இடம் மாறுபவை மூன்று நிறங்கள் கொண்ட எட்டு மூலைத்துண்டுகளும் இரண்டு நிறங்கள் கொண்ட பன்னிரண்டு விளிம்புத்துண்டுகளும் மட்டுமே. இந்த இருபது துண்டுகள் ஏற்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 4,32,520 கோடி கோடி ஆகும் என்றாலும், குலைந்து கிடக்கும் எந்த நிலையையும் விவரிக்க இருபது துண்டுகளின் இடத்தையும் திருப்பத்தையும் சொன்னால் போதும்.

1982இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில், மின் தாய் என்பவர் 22.95 விநாடிகளில் சரிசெய்து வென்றபோது, வேகமே ஒரே அளவுகோலாக இருந்தது. இரண்டாவது உலகப் போட்டி 2003இல் கனடாவின் டொராண்டோவில் கூடியபோது கண்கட்டுப் போட்டியும் அதில் இடம்பெற்றது; இஸ்ரேலைச் சேர்ந்த டிரோர் வோம்பர்க் 3 நிமிடம் 56 விநாடிகளில் வென்றார். அடுத்த ஆண்டில் ரான் வான் புருகெம், டைசன் மாவ் ஆகியோரின் முயற்சியால் உலகக் கியூப் சங்கம் நிறுவப்பட்டு, விதிகளுக்கு ஒரு நிலையான வடிவம் கிடைத்தது. இன்றைய விதியின்படி, பார்த்து மனத்தில் ஏற்றும் நேரமும் கணக்கில் சேரும். கண்கட்டு அணிந்த பிறகும், முகத்துக்கும் கனசதுரத்துக்கும் இடையில் நடுவர் ஓர் அட்டையைப் பிடித்திருப்பார்.

வேகப் போட்டிக்குரிய வழிமுறை கண்கட்டுக்கு உதவாது. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் பல துண்டுகள் ஒருசேர இடம்பெயர்வதால், அடுத்து என்ன செய்வது என்பதை மீண்டும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். பார்க்காமல் செய்வதற்கு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு இரண்டு அல்லது மூன்று துண்டுகளை மட்டும் மாற்றும் திருப்பத் தொடர்கள் தேவை. தொடக்கத்தில் பரவலாக இருந்த முறையில், எல்லாத் துண்டுகளையும் முதலில் சரியான திசைக்குத் திருப்பி, பிறகு சரியான இடத்துக்கு நகர்த்தினார்கள்; ஆகவே திசைக்கு ஓர் எண் வரிசையும் இடத்துக்கு இன்னோர் எண் வரிசையும் மனத்தில் இருக்க வேண்டியிருந்தது. ஜெர்மானியரான ஸ்டீபன் போஹ்மன் வகுத்த முறை இந்த இரட்டைச் சுமையை நீக்கியது. அவர் துண்டுகளை விட்டுவிட்டு, அவற்றின் மேலுள்ள ஸ்டிக்கர்களைப் பின்தொடர்ந்தார். ஒரு ஸ்டிக்கர் தன் இடத்துக்குப் போனால் அந்தத் துண்டு சரியான இடத்திலும் சரியான திசையிலும் ஒருங்கே அமர்ந்துவிடுகிறது என்பதால், ஒரே வரிசை போதுமானதாயிற்று.

அம்முறை செயல்படும் விதம் இது. மேல்பக்கத்தின் வலது விளிம்பிடம் 'பஃபர்' எனப்படும் தங்குமிடமாகக் கொள்ளப்படுகிறது. அங்கே இப்போது இருக்கும் துண்டு எந்த இடத்துக்கு உரியது என்று பார்த்து, அந்த இடத்தின் எழுத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் இருக்கும் துண்டு எங்கே போக வேண்டியது என்று பார்த்து அடுத்த எழுத்தைக் குறிக்க வேண்டும். இப்படியே தொடர்ந்தால் சங்கிலி ஒரு கட்டத்தில் பஃபருக்குரிய துண்டிடமே வந்து முடியும். இடையில் விடுபட்ட துண்டுகள் இருந்தால் அவற்றுள் ஒன்றிலிருந்து புதுச் சங்கிலி தொடங்கப்படும். விளிம்புத்துண்டுகளில் இருபத்து நான்கு ஸ்டிக்கர்கள், மூலைத்துண்டுகளிலும் இருபத்து நான்கு ஸ்டிக்கர்கள். ஆங்கில நெடுங்கணக்கில் ஏ முதல் எக்ஸ் வரை இருபத்து நான்கு எழுத்துகள் இருப்பதால், இரு வகைக்கும் அவையே பெயராகிவிட்டன. கைவேலையின்போது, குறித்த இடத்தை மேல்பக்கத்தின் இடது விளிம்புக்குச் சில திருப்பங்களில் கொண்டுவந்து, பதினான்கு திருப்பங்கள் கொண்ட ஒரு தொடரால் பஃபரோடு இடம் மாற்றி, கொண்டுவந்த திருப்பங்களைத் தலைகீழாகச் செய்து மீட்பார்கள். அந்தத் தொடர் இரண்டு மூலைகளையும் சேர்த்தே மாற்றிவிடும் என்றாலும், மறுமுறை செய்யும்போது அவை பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எழுத்துகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் மட்டும் இறுதியில் ஒரு திருத்தத் தொடர் வேண்டும்.

இன்றைய முன்னணிப் போட்டியாளர்கள் மூன்று துண்டுகளை ஒரே வீச்சில் சுழற்றி, இரண்டு எழுத்துகளை ஒன்றாகத் தீர்க்கிறார்கள். ஒரு செயல், இன்னொரு செயல், முதலாவதன் தலைகீழ், இரண்டாவதன் தலைகீழ் என்று நான்கு அடிகளில் அமையும் இவ்வகைத் தொடரைக் கணிதத்தின் குலக் கோட்பாடு 'கம்யூட்டேட்டர்' என்கிறது. விளிம்புகளுக்கு 440, மூலைகளுக்கு 378 என மொத்தம் 818 சுழற்சிகளைக் கைகள் அறிந்திருக்க வேண்டும். டொராண்டோவில் ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் கொண்ட வேலையை 2024இல் டாமி செர்ரி என்னும் அமெரிக்கர் 12 விநாடிகளில் முடித்ததற்கு இம்மாற்றமே முதன்மையான காரணம் எனலாம்.

கேள்வி: அந்த எழுத்துகளைப் படங்களாக மாற்றி, தெரிந்த வீட்டுக்குள் வரிசையாக வைப்பதாகச் சொல்கிறார்கள். இதை யார் கண்டுபிடித்தது?

பதில்: ஐரோப்பிய மரபு இதன் பிறப்பைக் கிரேக்கக் கவிஞர் சிமோனிடீஸோடு இணைக்கிறது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 55இல் எழுதிய நூலில் கூறும் கதையின்படி, தெஸ்ஸலி நாட்டில் ஸ்கோபாஸ் என்னும் செல்வரின் விருந்தில் இருந்த சிமோனிடீஸ் வெளியே அழைக்கப்பட்ட வேளையில் மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்தது. அடையாளம் தெரியாதபடி சிதைந்த உடல்களை, யார் எந்த இடத்தில் அமர்ந்திருந்தார் என்ற நினைவைக் கொண்டே அவர் உறவினர்களுக்குக் காட்டினார். இடங்களின் ஒழுங்கு நினைவுக்கு ஒழுங்கைத் தரும் என்பது அதிலிருந்து அவர் பெற்ற பாடம். கதை நடந்ததோ இல்லையோ, ஏறத்தாழ கி.மு. 80களில் பெயர் அறியப்படாத ஒருவர் ஹெரேனியஸ் என்பவருக்கு எழுதிய சொற்கலை நூலில் இம்முறை முழுமையாக விளக்கப்பட்டுவிட்டது. இடங்கள் ஆள் நடமாட்டமற்றவையாகவும், அளவான வெளிச்சம் உள்ளவையாகவும், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ முப்பது அடி தொலைவிலும் இருக்க வேண்டும்; ஒவ்வொரு ஐந்தாவது இடத்திலும் ஓர் அடையாளம் வேண்டும்; வைக்கும் உருவங்கள் இரத்தக் கறையோ கிரீடமோ நகைப்புக்குரிய கோலமோ கொண்டு மனத்தை உலுக்க வேண்டும் என்று அந்நூல் கூறும் அறிவுரைகள் இன்றைய போட்டியாளரின் குறிப்பேட்டில் இருந்தாலும் பொருந்தும்.

ஆனால் பழைய காலத்திலேயே இதற்கு ஒரு கடுமையான மறுப்பும் எழுந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய குவிண்டிலியன் என்னும் ஆசிரியர், ஒரு சொற்பொழிவின் எல்லாச் சொற்களுக்கும் படம் அமைப்பது எப்படி, இணைப்புச் சொற்களுக்கு எந்தப் படம் உண்டு, இரட்டை வேலையால் பேச்சின் ஓட்டம் தடைப்படாதா என்று கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது; மொழியின் சொற்கள் எல்லையற்றவை. கனசதுரத்தின் முன்னே அம்மறுப்பு வலுவிழந்துவிடுகிறது. இங்கே வரக்கூடிய எழுத்து இணைகள் சில நூறு மட்டுமே. இணைப்புச் சொல் இல்லை, நடை இல்லை, பொருள் நுட்பம் இல்லை. ஒவ்வோர் இணைக்கும் ஒரு படத்தை முன்னதாகவே முடிவுசெய்து பழகிவிட்டால், பார்த்த கணத்தில் படம் தானே எழும். சொற்பொழிவாளர்களுக்காகப் பிறந்த கலை, தனக்கு மிகப் பொருத்தமான பொருளைக் கண்டடைய இரண்டாயிரம் ஆண்டுகள் காத்திருந்தது என்றே கருதத் தோன்றுகிறது.

தமிழ் எழுத்துகளால் இதைச் செய்ய முனைபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. ம, ர என்னும் இணை மரமாகவும், ப, ட என்பது படகாகவும், க, த என்பது கதவாகவும் எளிதில் உருவெடுக்கும். ஆனால் ர, ள, ண போன்றவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. நன்னூல் கூறும் மொழிமுதல் எழுத்துகள் பன்னிரண்டு உயிரும் பத்து மெய்யுமாக இருபத்திரண்டு. விளிம்புகளின் இருபத்து நான்கு ஸ்டிக்கர்களில் பஃபருக்குரிய இரண்டை நீக்கினால் எஞ்சுவனவும் இருபத்திரண்டே என்பது ஓர் இனிய பொருத்தம். ஙகரத்தில் தொடங்கும் சொல்லுக்குத்தான் தேடி அலைய வேண்டும்.

கேள்வி: நம் நாட்டுக் கவனகக் கலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரான தொடர்பு இல்லை. 1907இல் சென்னையில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானத்தில் சோதிக்கப்பட்டது, பல பக்கங்களிலிருந்து வரும் கேள்விகளுக்கும் ஓசைகளுக்கும் இடையே பங்கிடப்பட்டும் சிதறாத கவனம். கண்கட்டுப் போட்டியில் ஒரே வரிசை ஒருமுறை மனத்தில் ஏறி ஒருமுறை வெளிவருகிறது. உண்மையான ஒப்புமை 'கடபயாதி' முறையில் இருக்கிறது. மெய்யெழுத்துகளுக்கு எண்மதிப்புத் தந்து எண்களைச் சொற்களாக்கும் இம்முறையைக் கேரள வானியலாளர்கள் விரிவாகப் பயன்படுத்தினார்கள். கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்களும் இதன்படி அமைந்தவை. மாயாமாளவகௌளையில் மகரம் 5, யகரம் 1. வலமிருந்து இடமாகப் படித்தால் அது பதினைந்தாவது மேளம். மேசகல்யாணியில் மகரம் 5, சகரம் 6, ஆகவே அறுபத்தைந்து. வெறும் குறியாக நின்றால் நழுவிவிடுவதைப் பெயராக்கி நிலைநிறுத்தும் இந்த அறிவும், எழுத்து இணையைப் படகாக்கும் அறிவும் ஒன்றே.

கேள்வி: ஒரே அமர்வில் பல கியூப்களைக் கண்கட்டிச் சரிசெய்வோர் பிறவி மேதைகளா?

பதில்: 2003இல் இலண்டனில் எலினார் மக்வயர் குழுவினர் நினைவுப் போட்டியாளர்களை ஆராய்ந்தபோது, அவர்களுக்குச் சிறப்பான அறிவுத்திறனோ மாறுபட்ட மூளை அமைப்போ காணப்படவில்லை; இடங்களை நினைவில் கொள்ளப் பயன்படும் மூளைப் பகுதிகளை அவர்கள் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள் என்பதே தெரியவந்தது. அதாவது வேறுபாடு முறையில் இருக்கிறது.

ஒற்றைக் கனசதுரத்தில், படங்களை வரிசையாக வைக்கும் மனமாளிகைக்குக்கூடத் தேவை குறைவு. ஒரு வகைத் துண்டுகளைப் படங்களாக ஏற்றி, கடைசியாகப் பார்த்த வகையை வெறும் அசைகளாக வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கண்ணைக் கட்டி, அந்த ஒலி மங்குவதற்குள் அதையே முதலில் செய்துமுடிப்பார்கள். ஒலி நினைவு சில விநாடிகளே நீடிக்கும் என்பதால்தான் இவ்வரிசை. பல கனசதுரப் போட்டியில் ஒலி பயன்படாது. ஒரு மணி நேர எல்லைக்குள் எல்லாவற்றையும் முதலில் பார்த்து முடித்து, அதன் பிறகே கண்கட்டை அணிய வேண்டும், இடையில் மறுபடி பார்க்க அனுமதி இல்லை. போலந்தைச் சேர்ந்த மார்ச்சின் கோவால்சிக் 2013இல் 41இல் 41ஐயும் சரிசெய்தார். அமெரிக்கரான கிரஹாம் சிகின்ஸ் 2022இல் 65 கனசதுரங்களை எடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை மனத்தின் அறைகளில் வரிசையாக வைத்து, 57 நிமிடம் 47 விநாடிகளில் 62ஐச் சரிசெய்தார். சரியானவற்றிலிருந்து தவறியவற்றைக் கழிப்பது விதி என்பதால் அவர் பெற்ற புள்ளிகள் 59. ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் அந்தக் கனசதுரம் தீராததாகவே கொள்ளப்படும்.