சாக்கியர் எறிந்த கல்லும் ஆண்டுப்பிறப்பு நோன்பும்

ஆண்டுப்பிறப்பில் நோன்பு பூணுவார் பலர். 'இன்றுமுதல் வைகறையில் எழுவேன், நாடோறுந் திருமுறை ஓதுவேன், சினத்தை அடக்குவேன், புகையிலையை விடுவேன்' என உறுதி கொள்வர். சனவரித் திங்கள் முதனாள் மார்கழியின் நடுவே வருவது. அன்று கொண்ட உறுதி தை பிறக்குமுன்னரே தளர்ந்தொழிதலைப் பலரிடத்துங் காண்கின்றோம். சித்திரையிற் கொண்டதும் வைகாசி காண்பது அரிது. இஃது என்னையென ஆராய்வாம்.

மனத்தின் வலியின்மையே இதற்குக் காரணமென்பர் உலகர். அஃது ஒருபுடை உண்மை. சித்தாந்த நூலார் கூறுங் காரணம் இன்னும் ஆழமுடைத்து. சிவஞானசித்தியார் சுபக்கம் எட்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியார் பாசி மூடிய நீர்நிலையை உவமையாகக் காட்டினார். கல் விழுந்தவழிப் பாசி விலகும். சிறிது போழ்தில் மீளவும் வந்து மூடும். மலத்தின் இயல்பும் அதுவே. ஆண்டுப்பிறப்பன்று நாம் எறிவது ஒரு பெருங்கல். எத்துணைப் பெரிதாயினும், ஒருகால் எறிந்த கல்லாற் பாசி நீங்கியிராதென்பதைக் குளம் பார்த்தார் யாவரும் அறிவர்.

நாடோறுங் கல்லெறிந்தார் ஒருவரைச் சேக்கிழார் காட்டுகின்றார். அவர் சாக்கிய நாயனார். சங்கமங்கையிற் றோன்றிக் காஞ்சி சென்று புத்தநூல் பயின்று, சிவமே பொருளெனத் தெளிந்த பின்னும் புத்தவேடத்தை நீக்காதிருந்தவர். வெள்ளிடையில் இருந்த இலிங்கத் திருவுருவைக் கண்டு, அன்பின் மிகுதியால் அருகிற் கிடந்த கல்லொன்றை எடுத்தெறிந்தார். மறுநாள் அவ்விடஞ் சென்று, முன்னாள் அவ்வெண்ணந் தமக்கு எழுந்தது திருவருட் குறிப்பேயெனத் துணிந்து, அதனையே செய்து பின் உண்ணும் நியதியாகக் கொண்டார்.

ஈண்டு நோக்கத்தக்கது, அவர் கொண்டது ஒரு கல்லே, நூறன்று. அதற்கு இடனும் உண்டு, பொழுதும் உண்டு. உண்ணுமுன் என்னும் வரையறை இருத்தலின், பசியே நாடோறும் வந்து நோன்பினை நினைப்பிக்கும். 'இவ்வாண்டு மேம்படுவேன்' என்றாற்போல இடனும் பொழுதும் இல்லாத உறுதியை நினைப்பிப்பார் யாவர்? முப்பது செயல்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவாரை நாம் அறிவோம். அத்தாள் மட்டும் ஆண்டிறுதிகாறும் நிலைத்திருக்கும்.

இவற்றினுஞ் சிறந்தது பின் நிகழ்ந்தது. ஒருநாள் நாயனார் நியதியை மறந்து உண்ணப் புகுந்தார். நினைவு வந்தது; உணவை விட்டெழுந்து விரைந்தோடிக் கல்லை எறிந்தார். இறைவன் விடைமேல் வெளிப்பட்டது அந்நாளிலேயாம். மறவாது எறிந்த நாட்களில் அன்று. அம்மறதியையுஞ் சேக்கிழார் அருளின்மேல் வைத்தே ஓதினார். இதனை ஊன்றி நோக்காது படித்துச் செல்வார் பலர்.

அற்றேல், நம்முடைய மறதியும் அருளேயாம். நோன்பை விட்டொழிந்தால் இழுக்கென்னையெனின், அற்றன்று. மறைத்தலும் ஐந்தொழிலுள் ஒன்றாய் அருளின்பாற்படும் என்பது சித்தாந்தத் துணிபு. திரோதானசத்தி மலத்தை நடத்துவது அம்மலம் பரிபாகம் எய்துதற் பொருட்டு. உயிரை அதிலே கிடத்துதற்கன்று. ஆதலின் மறதியும் அருளென்றல் நினைவு வந்தவழி எழுந்தோடினார்க்கே பொருந்தும். இலையின்முன் அமர்ந்தபடியே 'இன்று தவறியது, இனி என்ன' என்றிருப்பார்க்குப் பொருந்தாது.

ஒருநாள் தவறியமை பற்றி நோன்பு முழுவதையும் எறிந்துவிடுதல் பணிவுபோலத் தோன்றும். உண்மையில் அஃது ஆணவத்தின் செயலே என்பது நம் கருத்து. 'யான் தவறாதவன்' என்னுஞ் செருக்கு ஊறுபட்டபின், அச்செருக்கிற்கு நோன்பால் ஆவதொன்றில்லை. நோன்பை முற்றினேன் எனத் தெருவெல்லாம் உரைப்பானும், முறித்தேன் என மனமுடைந்து கிடப்பானும் யான் எனது என்னும் ஒருநெறியிலேயே நிற்கின்றனர். சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் இறைபணி நிற்றலை விதித்தமை இங்கு நினைக்கற்பாலது. பணி தன்னதன்றெனக் கொண்டவன், தவறியதறிந்தால் அப்பணியைச் செய்வான், தன்னை அளந்துகொண்டிரான்.

விரதவிதி வகுத்த ஆன்றோர் மக்களின் தளர்ச்சியை நன்கறிந்தவர். சோமவாரத்திற்கு உபவாசத்தை உத்தமமாக வைத்து, இயலாதார்க்கு இரவில் ஒருபொழுது உணவும், அதுவும் இயலாதார்க்குப் பகலில் 15 நாழிகையின்பின் ஒருபொழுது உணவும் வகுத்தனர். காலமும் அங்ஙனமே வாழ்நாளளவு, 12 ஆண்டு, 3 ஆண்டு, 1 ஆண்டு எனப் படிப்படியாக அமைந்தது. கந்தசட்டிக்கு 6 ஆண்டு. நீரிழிவு முதலிய நோயுடையார் முதற்படியே வேண்டுமென முரணி, உடல்நலங் கெட்டு, ஈற்றில் விரதத்தையே வெறுத்தலும் உண்டு. அவர்க்கு மூன்றாம்படியை எடுத்துரைப்பார் இல்லாமையே குறை.

மார்கழி முழுதும் வைகறையில் எழுவார் தையில் எழாமையும் இதனோடு ஒத்தது. அத்திங்களிற் கோயில்மணியும் திருவெம்பாவை ஓதுவார் குழாமும் அவரை எழுப்பும். பின் எழுப்புவார் இல்லை. பன்னிரண்டாஞ் சூத்திரம் அன்பரொடு கூடுதலை மலங்கழீஇயினார்க்கே வைத்ததெனின், நேற்று நோன்பு தொடங்கினார்க்கு அஃது எத்துணை வேண்டற்பாலதென்பது கூறவேண்டா. ஆதலின் திருமுறை ஓத விழைவார் ஒருவரையேனும் உடன் சேர்த்துக்கொள்க.

சோமவாரம் கார்த்திகையில் தொடங்கப்படும், கந்தசட்டி ஐப்பசியில். ஆண்டுப்பிறப்பிற் கொண்டது முறிந்தவர் மற்றோர் ஆண்டுப்பிறப்பு வருந்துணையுங் காத்திருக்கவேண்டும் என்னும் விதியை நாம் எந்நூலினுங் கண்டிலோம்.