கறுப்புக் காய்களின் வெற்றி

சதுரங்கத்திலே முதல் நகர்த்தல் வெள்ளைக் காய்களுக்கே உரியது. ஆதலின், கறுப்புக் காய்களைக் கொண்டு ஆடுவோன் தொடக்கத்திலேயே ஓரடி பிந்தியவனாகின்றான். பிந்தியவன் முந்தும் வழி யாது? அதனை ஓர் ஆட்டத்தின் வாயிலாக ஆராய்வாம்.

1956ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 17ஆந் திகதி, நியூயோர்க் நகரில் நிகழ்ந்த ரோசன்வால்ட் நினைவுப் போட்டியில் இருவர் எதிரெதிர் அமர்ந்தனர். வெள்ளைக் காய்களை ஆடியவர், 1953இல் அமெரிக்கத் திறந்த போட்டியில் வாகை சூடிய டொனால்ட் பேர்ண். கறுப்புக் காய்களை ஆடியவன் 13 வயதுச் சிறுவனாகிய பொபி பிஷர்.

பிஷர் நான்காம் நகர்த்தலிலேயே கோட்டை கட்டித் தன் அரசனுக்குக் காவல் தேடினான். பேர்ணோ அதனைப் பிற்போட்டார். 11ஆம் நகர்த்தலில், முன்னரே வெளிவந்து நின்ற அமைச்சரையே மீண்டும் நகர்த்தினார். இவ்வாறு ஒரு பொழுது வீணாயிற்று. அக்கணமே பிஷர் தன் குதிரையைப் பலகையின் ஓரத்திற் பாய்ச்சி, வெட்டுக என நிறுத்தினான். பேர்ண் அதனை வெட்டவில்லை. எனினும் நடுவழி திறந்தது. கறுப்புக் கோட்டையின் முற்றுகைக்கு அஞ்சி அரசன் இடம் பெயர்ந்தமையால், கோட்டை கட்டும் உரிமையும் ஒழிந்தது.

17ஆம் நகர்த்தலில் கறுப்பரசி தாக்குண்டு நின்றாள். பிஷர் அவளை விலக்கினானல்லன். ஓர் அமைச்சரை நகர்த்தி, அரசியைப் பலியிட்டான். அவ்வமைச்சரைப் பேர்ண் வெட்டியிருப்பின், தன் காய்களே சூழ்ந்து நிற்க அரசன் குதிரையால் மடிந்திருப்பான். ஆகவே அரசியையே வெட்டினார். பின்னர் கறுப்புக் குதிரையும் அமைச்சரும் மாறி மாறி முற்றுகையிட்டன. அரசிக்கு ஈடாகப் பிஷர் பெற்றவை ஒரு கோட்டை, இரண்டு அமைச்சர், ஒரு காலாள். இறுதி ஏழு நகர்த்தல்களும் இடையறாத முற்றுகைகளே. 41ஆம் நகர்த்தலில் வெள்ளையரசன் வீழ்ந்தபோது, வெள்ளையரசி தொலைவில் ஒரு மூலையருகே செயலற்று நின்றாள்.

காயின் பெருமை அதன் பெயரில் இல்லை. அது செய்யும் தொழிலிலேயே உண்டு. தனித்து நின்ற பெரிய காயை ஒன்றுபட்ட சிறிய காய்கள் வென்றன. மேலும், 17ஆம் நகர்த்தலின் துணிவுக்கு நான்காம் நகர்த்தலின் ஒழுங்கே வேராயிற்று என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்.

ஹான்ஸ் கிமொக் என்னும் எழுத்தாளர் இதனை 'நூற்றாண்டின் ஆட்டம்' எனப் போற்றினார். பிஷர் 1972இல் உலக வீரனானார். ஆயினும் தோற்றவரும் நம் மதிப்புக்குரியரே. தேர்ந்த ஆட்டக்காரர் தோல்வி உறுதியானதும் ஆட்டத்தை விட்டெழுதல் வழக்கம். பேர்ணோ சிறுவனின் ஆட்டம் நிறைவுற இடங்கொடுத்து, இறுதி முற்றுகைவரை இருந்தார். வெல்லக் கற்பவன் இதனையும் உடன் கற்பானாக.