கோழிக்குஞ்சின் கண்ணில் சொட்டு மருந்து ஏன்?

கோடையில் நாட்டுக்கோழிகளைக் கூண்டோடு அழிப்பது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய். 1927-ல் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது. பல்லடம், காங்கயம் வட்டாரங்களில் பத்து, இருபது கோழி வளர்க்கும் குடும்பங்களுக்கு இது பெரும் நட்டம். நச்சுயிரியால் வரும் இந்நோய் கண்டபின் குணப்படுத்த மருந்தில்லை. வருமுன் காப்பதே வழி.

குஞ்சுகளுக்கு 5 முதல் 7 நாள் வயதில் எப்-1 அல்லது லசோட்டா மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டும் மூக்கில் ஒரு சொட்டும் விட வேண்டும். "தண்ணீரில் கலந்து வைத்தால் போதாதா?" என்று பலர் கேட்பதுண்டு. தண்ணீரை எல்லாக் குஞ்சுகளும் ஒரே அளவு குடிப்பதில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் கண்ணிலேயே உள்ளது.

கோழியின் எச்சத்துவாரத்துக்கு மேலே 'பர்சா' என்ற சிறு பை இருக்கிறது. இதை இளம் வயதில் நீக்கிய கோழிகளில் நோய் எதிர்ப்புப் பொருள் சரிவர உண்டாவதில்லை என்பதை அமெரிக்காவில் புரூஸ் கிளிக் குழுவினர் 1956-ல் வெளியிட்டனர். இப்பையில் முதிரும் அணுக்களே 'பி' அணுக்கள். பர்சாவின் முதலெழுத்தே அப்பெயர்.

இவ்வணுக்கள் பர்சாவிலேயே தங்குவதில்லை. மில்லில் நூற்ற நூல் நிட்டிங் கூடத்துக்குப் போய்த் துணியாவதுபோல, இவை இரத்தத்தின் வழியே குடல், மூச்சுப்பாதை, கண் ஆகிய இடங்களுக்குச் சென்று, அங்கேயே எதிர்ப்புப் பொருளைச் சுரக்கின்றன. கண்விழிக்குப் பின்னுள்ள ஹார்டர் சுரப்பியில் இவை மிகுதி. கண்ணில் விடும் மருந்து இச்சுரப்பியைத் தூண்டுகிறது. எதிர்ப்புப் பொருள் கண்ணீரில் கலந்து, மூக்கு வழியே தொண்டை வரை சென்று காவல் நிற்கிறது. கழிச்சல் கிருமி நுழையும் வழியும் இதுவே.

கவனிக்க வேண்டியவை:

1. மருந்தைப் பனிக்கட்டியிட்ட பிளாஸ்கில் கொண்டு வருக.

2. உடன் தரும் கரைப்பானில் மட்டும் கலக்கி, 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுக. மீதியை மறுநாளுக்கு வைக்கலாகாது.

3. காலை அல்லது மாலைக் குளிர்ந்த வேளையில் போடுக. தலையைச் சாய்த்துச் சொட்டு விட்டு, குஞ்சு கண் சிமிட்டி மருந்து உள்ளே சென்றபின் விடுக. வழிந்துவிட்டால் மீண்டும் ஒரு சொட்டு விடுக.

4. நலிந்த குஞ்சுகளுக்குப் போட வேண்டாம்.

கம்போரோ நோய் பர்சாவையே தாக்கி 'பி' அணுக்களை அழிக்கும். அதன்பின் கழிச்சல் தடுப்பு மருந்தும் சரியாக வேலை செய்யாது. ஆகவே, பண்ணைக் குஞ்சுகளுக்கு இரண்டாம் வாரத்தில் கம்போரோ தடுப்பு மருந்தும் தேவை.

சொட்டு மருந்தின் காப்பு நெடுநாள் நீடிக்காது. 8-ஆம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் அரை மில்லி ஆர்-2-பி ஊசி அவசியம். மேய்ச்சலில் கோழிகள் கலப்பதால், தெருவிலுள்ள அனைவரும் ஒரே நாளில் போட்டுக்கொள்வது நலம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகிப் பயன் பெறுக.