ஆளின் கிளை

பதுளையில் தோட்ட வீடமைப்புத் திட்டமொன்றில் களப் பொறுப்பாளராக இருந்தபோது, அபாயங்களைப் பட்டியலாக எழுதித்தான் பழக்கம். மழை, பாதை, சீமெந்து விலை என்று முப்பது வரி எழுதிக் கோப்பில் வைப்போம். எது எதோடு சேர்ந்தால் உயிர் போகும் என்பது அந்தப் பட்டியலில் தெரியாது.

அதைக் காட்டித் தந்தது பிழை மர ஆய்வு. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், மினிட்மேன் ஏவுகணைக்காக உருவான முறை. நடக்கவே கூடாததை உச்சியில் எழுதி, அது நடப்பதற்கு எவையெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்க வேண்டும். ஒரு காரணமே போதுமென்றால் ‘அல்லது’ படலை; எல்லாம் கூடினால்தான் என்றால் ‘உம்’ படலை.

நான் முதலில் வரைந்தது மீரியபெத்தையை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகே மண் சரிந்து லயங்களை மூடிய இடம். உச்சியில் ‘மண்சரிவில் உயிரிழப்பு’. கீழே ‘உம்’ படலை: மலையும் சரிய வேண்டும், ஆளும் அடியில் இருக்க வேண்டும். மலையின் கிளை நாலு வரியில் முடிந்தது. ஆளின் கிளைக்குத்தான் தாள் போதவில்லை. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆகவே ‘தெரியாது’ என்ற காரணம் நிற்காது. சொந்தக் காணி இல்லை, போக வேறு வீடு இல்லை என்பவைதான் நின்றன.

பிறகு எங்கள் தோட்டத்துக்கு ஒரு மரம். பிள்ளைக் காம்பராவில் தாளை விரித்தோம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். அந்த அளவு தெரியாமல் போவதற்குக் காரணமாக ‘மழைமானி பழுது’ என்று நான் எழுத, கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் தடுத்தார்.

“மழ அளக்குற சாமான் நல்லாத்தான் இருக்கு சேர். அது பங்களாத் தோட்டத்துல இருக்கு. ராவையில கேட்டப் பூட்டிருவாங்க. யாரு போய்ப் பாக்குறது?”

பூட்டை நான் நினைத்தே பார்க்கவில்லை. இன்னொருவர், இரவு கோயிலில் தங்கினாலும் விடியப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, வராவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும் என்றார். இரண்டையும் மரத்தில் சேர்த்தோம். அடுத்த மாதமே லயத்துப் பக்கம் இன்னொரு மழைமானி வைத்து, வாசிக்க இரண்டு இளைஞர்களைப் பழக்கினோம். நாட்பேர் விஷயம் இன்னும் தீரவில்லை. மரத்தை வரைகிறவர்கள் அங்கே குடியிருப்பவர்களையும் பக்கத்தில் இருத்தி வரையுங்கள்.

மீரியபெத்தை மக்களுக்கு மக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். 2005இலேயே வெட்டியிருக்க வேண்டிய கிளை அது.