பிரிட்டனில் உளவியல் கற்பிக்கும் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் உளவியல் விரிவுரையாளர் வேலை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் ஆய்வும் கற்பித்தலும் சேர்ந்திருக்கும். மற்றொன்றில் கற்பித்தலே பிரதானம். ஆய்வு நிதி கொண்டுவா, கட்டுரை எழுது என்ற நெருக்கடி கிடையாது. ஆய்வு வேலை அமையாதவர்கள் ஒதுங்கும் இடம் என்று நினைத்து இந்த இரண்டாம் வகைக்கு விண்ணப்பிப்பவர்கள் உண்டு. பழைய ஆய்வு விண்ணப்பத்தையே தூசி தட்டி அனுப்பினால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

விளம்பரத்தை நிதானமாகப் படியுங்கள். இந்தப் பணிக்கு ஊருக்கொரு பெயர். சில இடங்களில் 'டீச்சிங் ஃபெலோ' என்பார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 'லேர்னிங், டீச்சிங் அண்ட் ஸ்காலர்ஷிப்' என்று தனித் தடமே இருக்கிறது. பெயர் எதுவானாலும், வேலை நிரந்தரமா ஒப்பந்தமா, கோடை மாதங்களுக்கும் சம்பளம் உண்டா, இந்தத் தடத்திலேயே பேராசிரியர் வரை உயர வழி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் விசாவுக்குப் பல்கலைக்கழகம் ஆதரவு தருமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். ரெஃப் எனப்படும் தேசிய ஆய்வு மதிப்பீடு 2021-இல் நடந்தபோது, கற்பிக்க மட்டுமே அமர்த்தப்பட்டவர்கள் அதன் கணக்கில் வரவில்லை. இத்தகைய பணியிடங்கள் பெருகியதற்கு மாணவர் எண்ணிக்கை மட்டுமல்ல, இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, துறைக்கு எங்கே ஆள் தேவை என்று கண்டுபிடியுங்கள். பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டம், மருத்துவ உளவியல், கல்வி உளவியல் போன்ற தொழிற்பயிற்சிகளுக்கான வாசல். அந்த அங்கீகாரத்துக்காக அறிதல், உயிரியல், வளர்ச்சி, சமூகம், தனிநபர் வேறுபாடுகள், உளவியலின் வரலாறு ஆகியவற்றோடு ஆய்வு முறைகளையும் நடத்தியாக வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தரவு திரட்டியோ, இருக்கும் தரவை அலசியோ ஓர் ஆய்வுத் திட்டம் முடிக்கவும் வேண்டும். ஃப்ராய்டைப் பற்றியோ ஆளுமைக் கோளாறுகள் பற்றியோ பேச ஆள் கிடைத்துவிடும். நூற்றுக்கணக்கான முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தர முன்வருபவர்கள் குறைவு. அதை விரும்பிச் செய்வேன் என்று காட்டினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. புள்ளியியல் மென்பொருளில் எஸ்.பி.எஸ்.எஸ். மட்டும் தெரிந்தவர்கள் ஆர் மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். கிளாஸ்கோவின் 'சை-டீச்-ஆர்' குழு எழுதிய பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முனைவர் பட்ட ஆய்வின்போதே பயிற்சி வகுப்புகள் எடுத்துவருகிறீர்களா? அட்வான்ஸ் ஹெச்.ஈ. அமைப்பு கற்பித்தலுக்காக வழங்கும் அசோசியேட் ஃபெலோ தகுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நான்கு படிகளில் அதுவே முதல் படி. பல விளம்பரங்கள் அடுத்த படியான ஃபெலோ தகுதியையோ, அதைப் பெறும் உறுதியையோ கேட்கின்றன.

இனி விண்ணப்பக் கடிதம். பணிக்குரிய தகுதிப் பட்டியலில் 'கட்டாயம்', 'விரும்பத்தக்கது' என இரு பகுதிகள் இருக்கும். கட்டாயத் தகுதிகளுக்கு அதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சான்று கொடுங்கள். 'கற்பித்தல் என் உயிர்மூச்சு' என்பதை எல்லோரும்தான் எழுதுகிறார்கள். உளவியல் படித்தவர்களுக்குக் கற்றலை அளக்கத் தெரியும் என்பதே இங்கே பலம்; அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. என்ன சிக்கலைக் கண்டீர்கள், எதை மாற்றினீர்கள், மாறியது என்று எப்படித் தெரிந்தது என்ற மூன்றும் ஒரே பத்தியில் வரட்டும். உங்கள் கற்பித்தலுக்கு மாணவர் தரும் மதிப்பீட்டுப் புள்ளிகளை மட்டும் நம்பி நிற்காதீர்கள். உட்ல் குழுவினர் 2017-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், அந்தப் புள்ளிகளுக்கும் மாணவர்கள் உண்மையில் கற்றதற்கும் தொடர்பு தென்படவில்லை. தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் உளவியலாளர்கள், அதைப் படித்திருப்பார்கள்.

நேர்காணலில் பத்துப் பதினைந்து நிமிட மாதிரி வகுப்பு இருக்கக்கூடும். முழுப் பாடத்தையும் திணிக்க வேண்டாம். ஒரே கருத்தை எடுங்கள். பி-மதிப்பு நல்ல தேர்வு. 0.03 என்று வந்தால், 'வேறுபாடே இல்லை என்ற கருதுகோள் சரியாக இருக்க 3 சதவீத வாய்ப்பு' என்று மாணவர்கள் புரிந்துகொள்வார்கள். அது தவறு. வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தரவில் தென்படும் வாய்ப்பைத்தான் அந்த எண் சொல்கிறது. முதலில் கேள்வியைப் போட்டுக் கைதூக்கச் சொல்லுங்கள். தவறான விடைக்குக் கைகள் உயரட்டும். பிறகு விளக்குங்கள். முடிக்கும்போது வேறோர் எண்ணைக் கொடுத்து மறுபடி கேளுங்கள். திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006-இல் காட்டினார்கள். ஏன் மறுபடி கேட்டீர்கள் என்று குழு கேட்டால் இதுவே பதில். எதிரே இருப்பவர்கள் பேராசிரியர்கள்தானே என்று வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். முதலாண்டு மாணவர்கள் என்றே நினைத்துப் பேசுங்கள்.

கடைசியில் 'எங்களிடம் ஏதேனும் கேட்க வேண்டுமா?' என்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்: ஓர் ஆண்டில் எத்தனை ஆய்வுத் திட்டங்களை மேற்பார்வையிட வேண்டும்? எந்தப் பாடம் என்று வகுப்பு தொடங்க எத்தனை வாரங்களுக்கு முன்பு தெரியும்? கற்பித்தல் பற்றி ஆராய்ந்து எழுத வேலைநேரக் கணக்கில் மணிநேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு எண்ணாகப் பதில் வரவில்லையென்றால், அதே துறையில் இப்போது இந்தத் தடத்தில் இருக்கும் ஒருவரிடம் தனியாகப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.