கல்லாப்பெட்டி கற்றுத் தந்த கணினிப் பாடம்



உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை நம்மிடம் வந்து, “அடுத்த ஆண்டு கணினிப் பாடம் எடுக்கப் போகிறேன்” என்று சொன்னால் நாம் என்ன மறுமொழி சொல்கிறோம்? “இராப்பகலாகக் கைபேசியும் கையுமாகத்தானே இருக்கிறாய், அதைப் படிக்க வேறு வேண்டுமா? கணக்கியல் எடு, கடைக்கு உதவும்” என்கிறோம். பிறரைக் குறை சொல்ல வரவில்லை. சென்ற ஆண்டு நமது மூத்த மகளிடம் இவ்வாறு சொன்னவர் நாமே. மதரஸாவில் ஓதியதும் தொடக்கப்பள்ளிப் படிப்பும்தான் நமக்கு வாய்த்த கல்வி. அறியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அத்தீர்ப்பு தவறு என்பதை நமது கடைக் கல்லாவே உணர்த்திற்று. நாம் கற்றதை நம்மவரும் அறிய வேண்டி இங்கே எழுதுகிறோம்.

கணினிப் பாடம் யாது?

கைபேசியைப் பயன்படுத்துவது வேறு, கணினி அறிவியல் வேறு. கப்பலில் பயணம் செய்தவரெல்லாம் மாலுமி ஆவதில்லை அன்றோ? ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, இன்னதற்குப் பின் இன்னது என ஒழுங்குபடுத்தி, ஐயத்துக்கு இடமின்றி எழுதிக் கொடுப்பதே இப்பாடத்தின் உயிர். யந்திரம் அதற்குப் பின்னரே வருகிறது.

சிங்கப்பூரில் 2017-ஆம் ஆண்டில், உயர்நிலை மூன்றாம் வகுப்பிலிருந்து சாதாரண நிலைத் தேர்வுக்குரிய ‘கம்ப்யூட்டிங்’ என்ற பாடம் தொடங்கப்பெற்றது. முன்னிருந்த ‘கம்ப்யூட்டர் ஸ்டடீஸ்’ பாடத்துக்குப் பதிலாக வந்தது இது. மாணாக்கர் ‘பைதான்’ என்னும் கணினி மொழியில் தாமே கட்டளைகளை எழுதிப் பழகுகின்றனர். மலேசியாவிலும் அதே ஆண்டில் முதலாம் படிவத்தில் கணினி அறிவியல் அடிப்படைப் பாடம் புகுத்தப்பட்டது. இவை எல்லாப் பள்ளிகளிலும் கிடைப்பன அல்ல. கிடைத்த பிள்ளையை நாமே தடுப்பது நட்டமேயன்றி வேறில்லை.

இக்கல்வி நமக்கு அந்நியமானதும் அன்று. படிமுறைக்கு மேனாட்டார் வழங்கும் ‘அல்காரிதம்’ என்ற சொல், 9-ஆம் நூற்றாண்டில் பகுதாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற பேரறிஞரின் பெயர் லத்தீனில் திரிந்து உண்டானது. அவருடைய அல்ஜீப்ரா நூலில் வாணிபக் கணக்கும் வாரிசுச் சொத்துப் பங்கீட்டுக் கணக்கும் இடம்பெற்றுள்ளன.

முதற் பாடம்: எடைக்கல்

கணினிக்கு 0, 1 என்னும் இரண்டே குறிகள்தாம் தெரியும் என்பர். இரண்டு குறிகளைக் கொண்டு எல்லா எண்களையும் எப்படி எழுதுவது? பழைய தராசை நினைத்துப் பாருங்கள். 16, 8, 4, 2, 1 கிலோ என ஐந்து எடைக்கற்கள் நம்மிடம் இருக்கின்றன. 13 கிலோ அரிசி நிறுக்க வேண்டும். 8, 4, 1 ஆகிய மூன்று கற்களை வைத்தால் போதும். வைத்த கல்லுக்கு 1 என்றும் வைக்காத கல்லுக்கு 0 என்றும் பெரிய கல்லிலிருந்து வரிசையாக எழுதுங்கள். 01101 என்று வரும். இதுவே கணினி எழுதும் 13.

இந்த ஐந்து கற்களால் 1 முதல் 31 கிலோ வரை எந்த முழு எடையையும் நிறுக்கலாம். 32 கிலோக் கல் ஒன்றைச் சேர்த்தால் 63 வரை போகலாம். நியூசிலாந்தின் கான்டர்பரி பல்கலைக்கழகத்தார் கணினியே இல்லாமல் கணினி அறிவியலைக் கற்பிக்கும் பாடங்களை வகுத்தனர். அவற்றுள் ஒன்றில் இதே கணக்கைப் புள்ளியிட்ட அட்டைகளால் விளக்குகின்றனர். விலையுயர்ந்த யந்திரம் இருந்தால்தான் படிக்க முடியும் என்பது வீண் பேச்சு.

இரண்டாம் பாடம்: பேரேடு

பற்றுவரவுப் பேரேட்டில் 1000 பேர் இருக்கின்றனர். ஒருவர் பெயரைத் தேட வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் சில வேளை 1000 பெயரையும் பார்க்க நேரும். பெயர்கள் அகர வரிசையில் இருந்தாலோ நடுவில் திறக்கலாம். தேடும் பெயர் முன்பாதியிலா பின்பாதியிலா என்பது உடனே தெரிந்துவிடும். மற்றப் பாதியை விட்டுவிட்டு, எஞ்சியதை மறுபடியும் நடுவில் திறக்க வேண்டும். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்து வந்தால் அதிகம் போனால் 10 தடவையில் பெயர் அகப்படும். பத்து இலட்சம் பேர் இருந்தாலும் 20 தடவையே போதும். ஆனால் வரிசை கலைந்த பேரேட்டில் இம்முறை பலிக்காது. ஒழுங்காக அடுக்கி வைப்பதன் அருமை கடைக்காரருக்குத் தெரியாததா?

மூன்றாம் பாடம்: எல்லை

இனி நமது கடையில் நடந்ததைச் சொல்கிறோம். ‘50 வெள்ளிக்கும் அதற்கு மேலும் சாமான் வாங்குவோருக்கு நூற்றுக்கு 5 கழிவு’ என்று பலகை எழுதி வைத்திருந்தோம். கணக்கைப் புதிய பில் யந்திரம் பார்த்துக்கொண்டது. ஒரு நாள் நெடுநாளைய வாடிக்கையாளர் ஒருவர் பில்லை நீட்டி, “என்ன பாய், பலகையில் ஒன்று, பில்லில் ஒன்றா?” என்றார். சரியாக 50 வெள்ளிக்கு வாங்கியிருந்தார், கழிவு இல்லை. யந்திரம் விற்றவரைத் தொலைபேசியில் கேட்டோம். “யந்திரம் தவறு செய்யாது” என்று சொல்லிவிட்டார். நாமும் அதையே வாடிக்கையாளரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் போனார், பிறகு வரவுமில்லை.

பள்ளி விடுமுறையில் கடைக்கு வந்த மகள் இதைக் கேட்டாள். “அத்தா, மூன்று பில் போட்டுப் பார்ப்போம்” என்றாள். 49 வெள்ளி 90 காசுக்கு ஒன்று, 50 வெள்ளிக்கு ஒன்று, 50 வெள்ளி 10 காசுக்கு ஒன்று. முதல் பில்லில் கழிவு இல்லை, அது சரி. மூன்றாவதில் கழிவு விழுந்தது, அதுவும் சரி. நடுவில் உள்ளதிலும் கழிவு இல்லை! “50-க்கு மேல் என்று எழுதிவிட்டார்கள் அத்தா. 50-க்குச் சமம் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். யந்திரம் சொன்னபடிதான் செய்திருக்கிறது, சொன்னவர்தான் தவறாகச் சொல்லியிருக்கிறார்” என்றாள். எல்லையில் நிற்கும் எண்ணைச் சோதிக்காமல் விடக்கூடாது என்று பள்ளிக் கணினிக் குழுவில் கற்றாளாம்.

பழைய பில்களைப் புரட்டினோம். சரியாக 50 வெள்ளிக்கு வாங்கியவர் எழுவர். தெரிந்தவர்களுக்கு ஆளுக்கு 2 வெள்ளி 50 காசைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த வாடிக்கையாளரின் வீட்டுக்கு நாமே சென்று பணத்தைக் கொடுத்து, வருத்தமும் தெரிவித்தோம். தொகை சிறிதுதான். ஆனால் நிறுவையில் குறைப்பதும் பில்லில் குறைப்பதும் ஒன்றல்லவா? நாம் அறியாமல் நமது கல்லா பிறர் காசை எடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவள், ‘உனக்கு எதற்கு’ என்று நாம் தடுத்த பிள்ளை. அன்றிரவே சம்மதம் சொன்னோம்.

கற்பிக்கும் முறை

இப்பாடத்தை நல்லாசிரியர் எடுத்த எடுப்பில் ‘எழுது’ என்று தொடங்குவதில்லை. இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட ஒரு முறையில் ஐந்து படிகள் உண்டு. பிறர் எழுதிய கட்டளையைப் படித்து, என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பின் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏன் அவ்வாறு நடந்தது என்று ஆராய வேண்டும். சிறிது மாற்றிப் பார்க்க வேண்டும். கடைசியில்தான் சொந்தமாக எழுத வேண்டும். மதரஸாவில் உஸ்தாது ஓதக் கேட்டு, கூடவே ஓதி, பிழை திருத்தப்பெற்று, பிறகே நாம் தனியாக ஓதினோம். அந்த வரிசையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கேட்டவுடன் கட்டளையை எழுதித் தரும் செயற்கை அறிவு யந்திரங்களும் இக்காலத்தில் வந்துவிட்டன. இனிப் படிப்பு எதற்கு என்பாரும் உளர். எழுதித் தந்தது சரியா என்று சோதிக்க அறியாதவர், யந்திரம் தவறு செய்யாது என்று அன்று நாம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. உயர்நிலை இரண்டாம் ஆண்டு முடிவில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன், பிள்ளையின் பள்ளியில் இப்பாடம் உண்டா என்று ஆசிரியரிடம் கேட்டறியுங்கள்.

2. “இன்று கற்றதை எனக்குப் புரியும்படி சொல்” என்று பிள்ளையைக் கேளுங்கள். நமக்குத் தெரியாதது குறையன்று. நமக்கு விளக்கும்போது பிள்ளைக்கே பாடம் தெளிவாகும்.

3. எந்தச் சரக்கு எந்த அளவுக்குக் குறைந்தால் வாங்க வேண்டும் என்பது போன்ற கடைக் கணக்கைப் பயிற்சியாகக் கொடுங்கள்.

4. பெண்பிள்ளை என்று ஒதுக்காதீர்கள். நமது கடையில் பிழையைக் கண்டவள் பெண்பிள்ளையே.

நமது மகள் இப்போது உயர்நிலை மூன்றில் இப்பாடத்தைப் படிக்கிறாள். கழிவு விகிதத்தை மாற்றும்போதெல்லாம் கடை திறக்குமுன் மூன்று பில் போட்டுப் பார்ப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்த வாடிக்கையாளரும் மீண்டும் வருகிறார். பில்லை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டே பைக்குள் வைக்கிறார். பார்க்கட்டும்.