தொழிற்கூட மின்புலமும் மகளிர் இதயமும்

1974-இல் புனேயின் டெல்கோ தொழிற்சாலை வெளியிட்ட விளம்பரம், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டா என்றது. பெங்களூரில் பயின்றுகொண்டிருந்த சுதா குல்கர்ணி அதைக் கண்டித்து ஜே. ஆர். டி. டாட்டாவுக்கு அஞ்சலட்டை எழுதினார்; அந்நிறுவனத்தின் முதற்பெண் பொறியாளரும் ஆனார். இன்றோ பிம்ப்ரி–சிஞ்ச்வாடு ஆலைகளில் மகளிர் பலர் பற்றவைப்புப் பொறிகளின் அருகிலேயே பணிபுரிகின்றனர். நம் சங்கத் தோழியரும் நாளை அங்கே செல்லக்கூடியவரே. ஆதலின், "அப்பொறிகளின் மின்காந்தப் புலம் இதயத்துக்குத் தீங்கு செய்யுமா?" என்று அவர்கள் கேட்பதை வீண் அச்சம் என்று நான் தள்ளமாட்டேன்.

மின்னோட்டம் செல்லும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் எழும் என்பது நாம் பள்ளியிலேயே கற்றது. வினாடிக்கு 50 சுற்று மாறும் புலம் உடலினுள்ளும் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டும். இதயமோ மின்துடிப்பால் இயங்கும் உறுப்பு. தொழிலாளர்க்கு 1000 மைக்ரோடெஸ்லா, பொதுமக்களுக்கு 200 என்று பன்னாட்டு அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் வரம்பு வகுத்தது. இனிக் கணக்கைப் பாருங்கள். நீண்ட ஒற்றைக் கம்பியில் 1000 ஆம்பியர் ஓடினால், ஒரு மீட்டர் தொலைவில் புலம் 200 மைக்ரோடெஸ்லா. இருபது சென்டிமீட்டரில் 1000. புள்ளிப் பற்றவைப்பிலோ பல ஆயிரம் ஆம்பியர் ஓடும்! சென்று மீளும் கம்பிகள் இணைந்திருப்பின் புலம் இன்னும் விரைவாய்த் தேயும். புதுப்பொறிகள் சில வேறு அதிர்வெண்ணில் இயங்குவன. அவற்றின் வரம்பும் வேறு. எவ்வாறாயினும், கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேலை செய்வதும் ஒரு கை தள்ளி நின்று செய்வதும் ஒன்றல்ல.

நோய் பற்றிய சான்று யாது? அமெரிக்க மின்நிறுவனங்கள் ஐந்தின் தொழிலாளர் 1,38,903 பேரை ஆராய்ந்த அறிக்கை 1999-இல் வந்தது. மிகுபுலப் பணியில் நீண்டநாள் இருந்தோரிடையே துடிப்புக் கோளாற்றாலும் மாரடைப்பாலும் இறப்பு மிகுந்திருந்ததாக அது கூறிற்று. ஆயினும் உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் எல்லாச் சான்றையும் சீர்தூக்கி, இதய நோய்க்கும் இப்புலத்துக்கும் தொடர்புண்டு என்பதற்குச் சான்று துணைநிற்கவில்லை என முடிவு செய்தது. நானும் அம்முடிவை ஏற்கிறேன்.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. அந்த 1,38,903 பேரும் ஆண்கள்! இதயத் துடிப்புப் படத்தில் க்யூ-டி என்னும் இடைவெளி பெண்களுக்குச் சற்று நீண்டது. சில மருந்துகள் தூண்டும் துடிப்புக் கோளாறு அவர்களையே மிகுதியாகத் தாக்குகிறது. ஆடவரை அளந்து பெற்ற விடையை அப்படியே மகளிர்க்கும் உரியதாக்குவது ஆராய்ச்சி நெறியாகாது. மகளிரைத் தனியே அளக்கவேண்டும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர் நிலையோ வேறு. வலிய புலம் அக்கருவியைக் குழப்பக்கூடும். மருத்துவரைக் கேளாமல் அவர் பற்றவைப்புப் பொறியை அணுகலாகாது.

புலத்தையே எண்ணி வேலைநேரத்தை மறந்துவிடவும் கூடாது. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போர் இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு, 35 முதல் 40 மணி உழைப்போரைவிட 17 விழுக்காடு மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணித்தன. பணியேற்கும் தோழியர் பொறியருகே புலத்தை அளந்த ஏடு உண்டா என்று கேட்கட்டும். மிகைநேர வேலைக் கணக்கையும் உடன் கேட்கட்டும்.